குனியாத ஒரு மணி நேரம்

சாப்பாட்டு நேரம் முடிந்து மணி அடித்தது. நாற்பது தையல் மிஷின்கள் ஓடத் தொடங்கின.

நாற்பத்தொன்றாவது மிஷின்காரி உட்காரவில்லை. மிஷின் பக்கத்தில் நிமிர்ந்து நின்றாள்.

சட்டைக்குக் காலர் வைப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. ஆனாலும் ஏழு மாதமாக அவளுக்கு ‘இருமல்’ என்றுதான் பெயர். பக்கத்து மிஷின்காரி நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டாள். வீட்டில் நாத்தனார் தனி டம்ளரே எடுத்து வைத்துவிட்டாள்.

பஞ்சுத் தூசியால்தான் என்று ஒருநாள் அவள் வாய்விட்டுச் சொல்ல, சூப்பர்வைசருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கம்பெனி டாக்டர் பார்க்கட்டும், பொய் என்றால் சீட்டுக் கிழியும் என்றார்.

டாக்டர் நெஞ்சைப் படம் எடுத்தார். சுத்தமாக இருந்தது. பிறகு, அதுவரை யாருமே கேட்காத ஒன்றைக் கேட்டார்: சாப்பிட்டதும் என்ன செய்வாய்?

எல்லோரையும் போலப் பத்து நிமிடத்தில் அள்ளிப் போட்டுக்கொண்டு மிஷின்மேல் குனிந்துவிடுவேன் என்றாள்.

டாக்டரின் காகிதம் வந்தது. தூசியால் அல்ல, வயிற்று அமிலம் தொண்டைவரை ஏறுவதால் வரும் இருமல்.

சூப்பர்வைசர் முதல் இரண்டு சொற்களோடு படிப்பை முடித்துக்கொண்டார். தலைகால் புரியாத சந்தோஷம் அவருக்கு. இனி எவளும் தூசி என்று வாய் திறக்கக் கூடாதே! ‘ஏற்றுக்கொள்ளப்பட்டது’ என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, நோட்டீஸ் போர்டில் அவரே ஒட்டினார்.

அவள்தான் அதைக் கடைசி வரிவரை படித்தவள்.

“என்னம்மா வேடிக்கை? உட்காரு!” என்று, நின்றவளைப் பார்த்துக் கத்திக்கொண்டே வந்தார் சூப்பர்வைசர்.

“நீங்க கையெழுத்துப் போட்டதைத்தான் சார் செய்யறேன்.”

போர்டைக் காட்டினாள். கடைசி வரி: சாப்பிட்டபின் ஒரு மணி நேரம் குனியக் கூடாது.

வேலை போனால் போகட்டும், இன்றைக்கு உட்காருவதில்லை.

அவர் காகிதத்தைக் கிழிக்கப் பாய்ந்தார்.

பக்கத்து மிஷின் நின்றது. நாற்காலியைத் தள்ளிப் போட்டவள் எழுந்து நின்றாள். அடுத்து அவளுக்குப் பின்னால் இருந்தவள். பிறகு ஒரு வரிசை முழுக்க, கடைசியில் எல்லோரும். கூடத்தில் ஒரு மிஷினும் ஓடவில்லை.

சூப்பர்வைசரின் கை போர்டிலேயே நின்றது.

இருமல் என்னவோ ஒருத்திக்குத்தான். நெஞ்செரிச்சல் நாற்பது பேருக்கும் இருந்தது.