கடை எண் 417

"பழைய ஏபிஐ-ல இன்னும் ஒரே ஒரு கடைதான் இருக்கு. மூடிடுங்க," என்றார் மேலாளர்.

வாடிக்கையாளர் செல்போனில் தட்டும் ஆர்டரைக் கடையின் கம்ப்யூட்டரில் கொண்டு சேர்ப்பதுதான் அந்த ஏபிஐ. மற்ற கடைகளெல்லாம் புதியதற்கு மாறிவிட்டன. 417 மட்டும் மாறவில்லை. திரையில் அந்த எண்ணைத் தவிர பெயரோ ஊரோ மெயில் முகவரியோ தெரியாது; மெயில்கூட எண்ணைத் தட்டினால் தானாகப் போய்விடும்.

"மூடினா அந்தக் கடைக்கு ஆர்டரே போகாது சார். பாவம்," என்றான் புரோகிராமர்.

"எட்டு மெயில் நீங்கதானே அனுப்பினீங்க? கும்பகர்ணன்கூட முழிச்சிருப்பான்!"

மூடினான். யார் வயிற்றிலோ அடித்துவிட்டோமே என்று பத்து நாளாக உறுத்தியது.

பதினோராம் நாள், சாப்பிடும்போது மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கேக் கடை நடத்துகிறவள்.

"பத்து நாளா ஆன்லைன்ல ஒரு கேக்கும் போகல. நீங்க கவலைப்படுவீங்கன்னு சொல்லல. கேக் போடுற மாஸ்டருக்குக் கைப்பக்குவம் போயிடுச்சுன்னு இன்னிக்கு அவரை நிறுத்திட்டேன். 'நான் என்னம்மா தப்பு பண்ணேன்?'னு கேட்டுட்டே போனார்."

அவன் கையிலெடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தான். கடை திறந்தபோது ஆன்லைன் ஏற்பாட்டைச் செய்துகொடுத்தவனே அவன்தான். தன்னுடைய பழைய மெயில் முகவரியைக் கொடுத்திருந்தான். அதைத் திறந்து மூன்று வருடமாகிறது.

கையைக் கழுவிவிட்டுத் திறந்தான்.

'கடை எண் 417-இன் கவனத்திற்கு.' எட்டு மெயில்கள். ஒன்றுகூடப் படிக்கப்படவில்லை. எட்டின் அடியிலும் அவன் பெயர்.

"மாஸ்டர் நம்பரைக் கொடு," என்றான்.

"எதுக்கு?"

"கும்பகர்ணன் முழிச்சிட்டான்னு சொல்லணும்."