விண்ட்ஷீல்டு அண்ணனின் காவல்

பொன்னுரங்கத்தின் ஹெல்மெட்டுக்குக் காற்றென்றாலே ஆகாது. பைக் பைபாஸில் ஏறினால் போதும், காதடைக்கிற இரைச்சல். வீடு வந்து சேர்வதற்குள் மண்டை வலித்துவிடும்.

ஒருநாள் பொன்னுரங்கம் வண்டியின் முகப்பில் விண்ட்ஷீல்டு மாட்டினார். "இனிமே காத்தை நான் பாத்துக்கிறேன் தம்பி" என்றது அது, மிடுக்காக.

அன்றிலிருந்து காற்று அதன் நெஞ்சில் மோதி, மேல்விளிம்பைத் தாண்டிச் சுழன்று, ஹெல்மெட்டின் நெற்றியிலேயே வந்து அறைந்தது.

"அண்ணே, முன்னைவிட அடி பலமா விழுதே!"

"நான் தடுத்தே இவ்வளவுன்னா, நான் இல்லேன்னா உன் கதி என்னன்னு யோசிச்சுப் பாரு."

யோசித்த ஹெல்மெட் நடுங்கிப்போனது. தினமும் கிளம்புமுன் விண்ட்ஷீல்டைக் கும்பிட ஆரம்பித்தது.

ஒரு மத்தியானம் லாரிச் சக்கரத்திலிருந்து தெறித்த கல் பட்டு விண்ட்ஷீல்டு நொறுங்கியது. பொன்னுரங்கம் மிச்சத்தைக் கழற்றி எறிந்துவிட்டுக் கிளம்பினார். ஹெல்மெட் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தது. காற்றோ சுழலாமல் நேராக வந்து, லேசாகத் தொட்டு, இருபுறமும் வழுக்கிப் போனது. இரைச்சல் பாதிக்குப் பாதி குறைந்தது.

"இப்பத்தான் நிம்மதி, இல்லையா?" என்றது கைப்பிடியில் இருந்த கண்ணாடி.

ஹெல்மெட் வெறுமையாய் இருந்த முகப்பைப் பார்த்துக் கும்பிட்டது. "அண்ணன் போய்ச் சேர்ந்த பிறகும் காத்துக்கு அவர்மேல எவ்வளவு பயம் பாரு!"