பிரித்துக் கொடுத்த பாதி

மலேசியாவின் கூலிம் நகர மண்டபத்தில் நடந்த ஆர்க்கிட் போட்டிக் கண்காட்சிக்குள் நுழைந்த சிவநேசன் சட்டென நின்றார். முன் மேசையில் பூத்து நின்றது அவரே மகரந்தம் சேர்த்து உருவாக்கிய ரகம்; வெள்ளை இதழ், ஊதா ஓரம். பக்கத்தில் புதுச் சட்டையில் யஹ்யா, சுங்கைப்பட்டாணியில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவன்.

அருமையான செடி என்றால் பாதியைப் பிரித்து, நம்பிக்கையான ஆளிடம் கொடுத்து வைப்பது ஆர்க்கிட் வளர்ப்பவர்கள் வழக்கம். கொடுத்தவருடையது பட்டுப்போனால் அந்தப் பாதி திரும்பி வர வேண்டும். சிவநேசன் நம்பியது யஹ்யாவை.

“என்னுது பட்டுப்போச்சு, உங்கிட்ட இருக்கிறதைக் குடுன்னு கேட்டேனே, யஹ்யா. என்னா சொன்ன நீ?”

யஹ்யா தலையைக் குனிந்துகொண்டான்.

“உன்னுதும் அழுகிப்போச்சுன்ன. கண்ணு வேற கலங்கிச்சு. நான்தான் லா உனக்கு ஆறுதல் சொன்னேன். இப்ப இது எங்கேருந்து வந்துச்சு?” சிவநேசன் முகவாயால் பூவைச் சுட்டினார்.

“குடுக்க மனசு வரல, அண்ணே. பொய் சொல்லிட்டேன்.”

“கூடப் பொறந்தவனா நெனச்சேன். கழுத்தறுத்துட்டியே.”

யஹ்யா மெல்ல நிமிர்ந்தான். அவன் பார்வை சிவநேசனின் கைகளில் வந்து நின்றது.

“என்கிட்ட இருந்த பாதியையும் வாங்கிட்டா, போட்டியில உங்களுது ஒண்ணுதான் நிக்கும்னு கணக்குப் போட்டீங்களா, அண்ணே?”

சிவநேசன் இரண்டு கைகளாலும் அணைத்துப் பிடித்திருந்த தொட்டியில், ஊதா ஓரம் வைத்த வெள்ளைப் பூக்கள் ஒரு கொத்து கூடுதலாகவே பூத்திருந்தன.