ஒரு கடி வெல்லம்

டமார்! ஒரகடம் கல்குவாரியில் வெடி வெடித்ததும் வெயில் மங்கி, வெள்ளைத் தூசி எல்லோர் தலையிலும் இறங்குகிறது. ஜல்லி உடைக்கும் இயந்திரம் நிற்கிறது. நெஞ்சில் படிந்த தூசியை வெல்லம் கரைத்துவிடும் என்ற நம்பிக்கையில், ஒரே கட்டியைப் பெண்கள் ஆளுக்கொரு கடி கடித்துக் கைமாற்றுகிறார்கள். அது அன்னபுஷ்பத்திடம் வருகிறது. முந்தானையால் வாயைப் பொத்தி இருமியவள், வாங்காமல் தலையசைக்கிறாள்.

“இன்னாடி, மகாராணிக்கு எங்க எச்சில் ஆவாதா?” என்கிறாள் சந்திரம்மாள். எல்லோரும் சிரிக்கிறார்கள்.

பக்கத்திலேயே மேஸ்திரி நிற்கிறார். நோயாளி என்று தெரிந்தால் அன்றே கணக்கு முடித்து அனுப்பிவிடுகிறவர். அன்னபுஷ்பம் அவரை ஒரு முறை பார்க்கிறாள். பிறகு நிமிர்ந்து, எல்லோருக்கும் கேட்கும்படி சொல்கிறாள்:

“உங்க எச்சில் இல்லக்கா, என் எச்சில்தான் உங்களுக்கு ஆவாது. எனக்கு டி.பி. கீதுன்னு சொல்லிட்டாங்க.”