முன்னால் போகச் சொன்ன காகம்

தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பிய மைனாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆபீஸ் ஏ.சி. பெட்டிக்குப் பின்னாலிருந்த கூட்டில் நீல ஓடுகள் மட்டும் நொறுங்கிக் கிடந்தன. முட்டைகளைக் காணோம்.

அந்த ஆபீஸ் ஜன்னலிலேயே உட்கார்ந்து இங்கிலீஷ் பழகிய காகம் பக்கத்தில் வந்து அமர்ந்தது.

"மூவ் ஆன், தங்கச்சி. உள்ளே எது கெட்டுப்போனாலும் இவங்க இதைத்தான் சொல்வாங்க. கேரி ஆன், கோ அஹெட்னு எல்லாமே முன்னால போற பேச்சுதான்."

மைனா ஓர் ஓட்டுத் துண்டை அலகால் புரட்டிப் பார்த்தது. "யார் கெடுத்ததுன்னு கேக்க மாட்டாங்களாண்ணே?"

"அது பின்னால போற பேச்சாச்சே," என்று சொல்லிவிட்டு, காகம் தன் அலகைச் சுவரில் இரண்டு பக்கமும் துடைத்துக்கொண்டது.

மைனா அந்தச் சுவரையே வெறித்துப் பார்த்தது. துடைத்த இடத்தில் மஞ்சள் கரு வழிந்துகொண்டிருந்தது.