பூக்காத க்ளெமேட்டிஸ்

கணவன் கார் ஷெட் போட நினைத்த இடத்தில்தான் அவள் அடம்பிடித்து க்ளெமேட்டிஸ் கொடியை வைத்தாள். மூன்று வருஷத்துக்குள் பூக்காவிட்டால் கொடியைப் பிடுங்கிவிட்டு ஷெட் போடுவதென்று பேச்சு.

இது மூன்றாவது வருஷம். ஒரு மொட்டுகூட இல்லை. பதறிப்போய் நர்சரிக்காரரை வீட்டுக்கே வரவழைத்துவிட்டாள்.

“இலை வாடல, பூஞ்சையும் இல்ல. வேருக்கு வெயில் படுதா?”

“வெயில் படாம சுத்தி கல்லு அடுக்கி வெச்சிருக்கேண்ணா. உரமும் தவறாம போடுறேன்.”

“கவாத்து யாரு பண்றது?”

“அவருதான். வருஷா வருஷம் குளிர் முடிஞ்சதும் தரையோட வெட்டிடுவாரு. என் கை நோகக் கூடாதாம், கத்திரியைத் தொடவே விடமாட்டாரு!” சொல்லும்போதே அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

நர்சரிக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். “அட, இது போன வருஷத் தண்டுல பூக்குற ரகம்மா! பூத்து முடிஞ்சப்புறம்தான் லேசா நறுக்கணும்.”

“பாவம், அவருக்கு அதெல்லாம் தெரியாதுண்ணா.”

“தெரியாதா? அவரு செடி வாங்க வந்த அன்னிக்கே சொன்னேனே! ‘அப்போ குளிர் முடிஞ்சதும் தரையோட வெட்டினா கண்டிப்பா பூக்காதுல்ல?’ன்னு ரெண்டு தடவை கேட்டு, பேப்பர்லயும் எழுதிக்கிட்டாரு. செடிமேல இவ்ளோ அக்கறையான்னு நானே அசந்துட்டேன்.”