சுவரைப் பார்த்து நின்ற மெசின்

கயிற்றை இழுத்தேன். ஜெனரேட்டர் ஒருமுறை செருமிவிட்டுச் சும்மா இருந்தது.

மறுபடி இழுத்தேன். இந்தத் தடவை என் தோள்மூட்டுதான் சத்தம் போட்டது.

"அதுக்கு உங்களப் பிடிக்கல்ல போல," என்றாள் றுமானா, குசினி வாசலில் நின்றபடி. நான் வியர்க்கும்போதுதான் என் மனைவிக்குப் பகிடி வரும்.

பிஸ்மி சொல்லி இழுத்ததில் மெசின் உயிர் பெற்றது. சாய்ந்தமருதில் எங்கள் ஒழுங்கையிலேயே பேன் ஓடும் ஒரே வீடு இப்போது எங்களுடையது. எங்களுடையது என்றால், றுமானாவுடையது. நான் கல்யாணம் முடித்து அதற்குள் வந்து சேர்ந்த மாப்பிள்ளை. நான் கொண்டுவந்தவற்றில் பிரயோசனமான முதல் பொருள் இந்த மெசின்தான்.

விடியற்காலைக் காற்றில் கரண்ட் கம்பி அறுந்திருந்தது. மழை விடவில்லை. மெசின் நனையாமல் நிற்க இருந்த ஒரே இடம், வீட்டுக்கும் பக்கத்து மதிலுக்கும் இடையில் தகரம் போட்ட ஒடுங்கிய சந்து.

முனவ்வறா மச்சியின் அறை ஜன்னலும் அந்தச் சந்தில்தான்.

மச்சி, றுமானாவின் ராத்தா, கூடப்பிறந்த அக்கா. புருஷன் மௌத்தானதிலிருந்து, அந்நிய ஆண் கண்ணில் படாமல், அந்த அறையில் இத்தா இருக்கிறார். ஜன்னலை மூடி உள்ளே போர்வை கட்டியிருந்தது. வாசலில் தடித்த திரை. ஒரே பானைச் சோற்றைத் தின்றாலும், மார்க்கப்படி நானும் அவருக்கு அந்நிய ஆண்தான்.

திரைக்கு இப்பால் நின்று பகிடி விடுவேன். என் காலடி கேட்டாலே கட்டிலில் ஒரு தட்டுக் கேட்கும். நில்லுங்க, முக்காடு போடல்ல என்று அர்த்தம். என் பகிடிகளுக்கு அந்த வீட்டில் கிடைத்த ஒரே கைதட்டல் அதுதான்.

மச்சி நித்திரை கொள்வதில்லை. இரவெல்லாம் அவர் நடப்பது சுவருக்கு அப்பால் கேட்கும். இப்படியே போனால் ராத்தாவையும் பறிகொடுப்போம் என்று றுமானா அழுதாள். பூட்டிய அறைப் புழுக்கத்தில் ஒரு பேனாவது நிற்காமல் ஓடினால் கண்ணயர்வார் என்றுதான் மெசினை வாங்கினேன்.

மெசின் ஓடத் தொடங்கியதும் மதிலுக்கு மேலால் கச்சிமுகம்மது காக்காவின் தொப்பி எழும்பியது.

"தம்பி, புகையெல்லாம் எங்கட குசினிக்குள்ள வருகுது. சோறெல்லாம் பெற்றோல் மணக்குது. நாங்க அதத் தின்னுறதா, பைக்குக்கு ஊத்துறதா?"

அயலவருக்குக் கரைச்சல் கொடுக்கக் கூடாது. மெசினைத் திருப்பி, புகைக்குழாய் எங்கள் சுவரைப் பார்க்க வைத்தேன். மூடிய ஜன்னல்தானே. அதற்கு மேலே இருந்த காற்றுத் துளைகளையும் பார்த்தேன். சத்தம் அதற்குள்ளால் போகுமே என்று மட்டும் கவலைப்பட்டேன்.

கொஞ்ச நேரத்தில் றுமானா வந்தாள்.

"ராத்தாக்குத் தலையிடிக்குதாம்."

"சத்தம்தான்," என்றேன், பிறந்ததிலிருந்து மெசின் திருத்துகிறவனைப் போல.

மெசினுக்குக் கீழே ஒரு பழைய டயரைத் தள்ளினேன். தூவானம் அடிக்காமல் சந்தின் வாயைத் தறப்பாளால் இறுக்கிக் கட்டினேன். சத்தம் நன்றாகக் குறைந்தது.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு றுமானா மறுபடியும் வந்தாள். கண் கலங்கியிருந்தது.

"ராத்தா உறங்கிட்டா. திரையால எட்டிப் பார்த்தன். முகத்தில கூட நிறம் வந்திருக்கு. அல்லாஹ் உங்களுக்குப் பறக்கத்தத் தருவான்."

இத்தனை வருசத்தில் அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை. டிவியை நிறுத்தினேன். தும்மல் வந்தபோது முற்றத்துக்கு ஓடி மழையில் நின்று தும்மினேன். பெற்றோல் குறைந்ததும், பேன் நின்றால் நித்திரை கலையுமே என்று ஓடுகிற மெசினிலேயே ஊற்றினேன். சந்துக்குள் கண் எரிந்தது. தலை லேசாகச் சுற்றியது. பகல் சாப்பிடாத பசி என்று நினைத்தேன்.

றுமானா மீன் ஆயத் தொடங்கினாள். கடல் கொந்தளிப்பில் வள்ளம் போகாததால் இறக்காமத்துக் குளத்து மீன்.

எங்கள் வீட்டில் மீன் ஆய்வதென்றால் ஒரு கையில் கத்தியும் மறு கையில் தும்புத்தடியும் வேண்டும். தும்புத்தடி, சீனியைத் துரத்த. அந்தப் பூனை மச்சியின் காலடியிலேயே கிடக்கும். அவரை விட்டு அசையாது. செதில் உரசுகிற சத்தம் கேட்டால் மட்டும் அந்த விசுவாசம் எல்லாம் பறந்துவிடும். திரைக்குக் கீழால் பாய்ந்து வந்துவிடும்.

மீன் ஆய்ந்து முடிந்தது. தலைகள் சட்டிக்குள் அப்படியே கிடந்தன.

"சீனி எங்க, இண்டைக்கு வரல்லையே," என்று சிரித்தாள் றுமானா. "அதுவும் ராத்தாவோட நல்ல உறக்கம் போல."

சட்டியில் கிடந்த தலைகளைப் பார்த்தேன். சந்துக்குள் எனக்குத் தலை சுற்றியது பசியால் இல்லை.

பின்பக்கம் மெசின் ஓடிக்கொண்டிருந்தது. சுவரைப் பார்த்தபடி.

ஓடினேன். திரைக்கு முன்னால், பழக்கத்தில், கால்கள் நின்றுவிட்டன.

தட்டுங்க மச்சி. ஒரே ஒரு தட்டு. நான் திரும்பிப் போயிடுறன்.

பேன் சுழலும் சத்தம் மட்டும் கேட்டது.

திரையை இழுத்தேன்.

முக்காட்டை எடுத்துப் போட எந்தக் கையும் அசையவில்லை.